ஒரே ஆளு ரெண்டு தொகுதியில நிக்கலாமா? எல்லாரும் கேக்கற கேள்விகளும் பதில்களும்

எலெக்‌ஷன் தேதி அறிவிச்சாலே போதும், வியாசர்பாடி டீக்கடையில இருந்து எங்க அபார்ட்மென்ட் வாட்ஸப் க்ரூப் வரைக்கும் இதே கேள்விதான் சுத்துது, "தலைவர் ரெண்டு எடத்துல நிக்கறாராமே, அது எப்படிங்க முடியும்"னு. ஆளாளுக்கு ஒரு பதில் சொல்றாங்க, பாதி தப்பா இருக்கு. அதனால கேக்கறவங்களுக்கு அனுப்பி வைக்கலாம்னு எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிட்டேன். நடுவுல என் கருத்தும் வரும், அதை மறைக்கப் போறதில்ல.

ஒரு ஆளு மொத்தம் எத்தனை தொகுதியில நிக்கலாம்?

ரெண்டு. 1951-ம் வருஷ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல 33(7)-ன்னு ஒரு பிரிவு இருக்கு, அதுதான் இந்தக் கணக்கைச் சொல்லுது. சட்டமன்றப் பொதுத்தேர்தல்னா ரெண்டு சட்டமன்றத் தொகுதி, லோக்சபா தேர்தல்னா ரெண்டு லோக்சபா தொகுதி, ஒரே நேரத்துல நடக்கற இடைத்தேர்தலுக்கும் அதே ரெண்டுதான். இதுல பலருக்குத் தெரியாத ஒண்ணு, எம்.எல்.ஏ தேர்தலும் எம்.பி தேர்தலும் சேர்ந்து வந்தா ரெண்டும் தனித்தனி கணக்கு, அதனால சட்டப்படி பாத்தா ஒருத்தர் ரெண்டு சட்டமன்றத் தொகுதி ப்ளஸ் ரெண்டு லோக்சபா தொகுதின்னு நாலு எடத்துல நிக்க முடியும்.

ஒரே தொகுதிக்கு நாலு வேட்புமனு வரைக்கும் போடலாம், ஒண்ணுல தப்பு இருந்தா இன்னொண்ணு நிக்கும்னுதான் அந்த ஏற்பாடு. அதைப் பாத்துட்டு "நாலு தொகுதியில நிக்கறார்"னு புரளி கிளப்பிடறாங்க. மனு எண்ணிக்கை வேற, தொகுதி எண்ணிக்கை வேற.

முன்னாடி லிமிட்டே இல்லையாமே?

ஆமா, 1996 வரைக்கும் இல்ல. வாஜ்பாய் 1957-ல உத்தரப் பிரதேசத்துல பல்ராம்பூர், லக்னோ, மதுரா மூணுலயும் நின்னார், பல்ராம்பூர்ல ஜெயிச்சார், லக்னோவுல தோத்தார், மதுராவுல டெபாசிட்டே போச்சு. நம்ம பக்கத்து ஸ்டேட்டுல என்.டி.ஆர் 1985-ல குடிவாடா, ஹிந்துபூர், நல்கொண்டா மூணுலயும் நின்னு மூணுலயும் ஜெயிச்சு, ஹிந்துபூரை வெச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் விட்டார். அவரு செல்வாக்கு அப்படி, அதை யாரும் குறை சொல்ல முடியாது, ஆனா விட்ட ரெண்டு தொகுதி ஜனங்களும் மறுபடி லைன்ல நின்னாங்கல்ல?

1990-ல தினேஷ் கோஸ்வாமி கமிட்டி, ரெண்டுக்கு மேல கூடாதுன்னு சொல்லுச்சு. அப்புறம் 1996-ல சட்டத்தைத் திருத்துனப்போ இந்த லிமிட், டெபாசிட் தொகையை ஏத்தறது, காலி சீட்டுக்கு ஆறு மாசத்துல இடைத்தேர்தல்னு பல விஷயம் ஒண்ணா வந்துச்சு. அதே 1996-லதான் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சியில விவசாயிங்க எதிர்ப்பு காட்டறதுக்காக ஆயிரத்துக்கு மேல வேட்பாளர்கள் நின்னு, பேலட் பேப்பரே புக்கு மாதிரி ஆச்சு, அதை நேர்ல பாத்த பெரியவங்க இன்னும் அதைப் பத்திப் பேசுவாங்க.

ஜெயலலிதா நாலு தொகுதியில மனு போட்டாங்களே, அது என்ன ஆச்சு?

இதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா தமிழ்நாட்டுல இந்த ரெண்டு தொகுதி சட்டம் சாதாரண ஜனங்க காதுல விழுந்ததே இந்த விஷயத்துலதான்.

முதல்ல 1991. அப்போ லிமிட் இல்ல, அவங்க பர்கூர், காங்கேயம் ரெண்டுல நின்னு ரெண்டுலயும் ஜெயிச்சு, பர்கூரை வெச்சுக்கிட்டு காங்கேயத்தை விட்டாங்க, அங்க இடைத்தேர்தல் நடந்துச்சு.

அடுத்தது 2001. அரசு நிறுவனமான டான்சியோட நிலத்தை வாங்குன வழக்குல 2000 அக்டோபர்ல தண்டனை வந்துடுச்சு, நிக்க முடியுமா முடியாதான்னு பெரிய சர்ச்சை. அந்த நிலைமையில ஆண்டிப்பட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டைன்னு நாலு எடத்துல மனு போட்டாங்க. நாலும் தள்ளுபடி. தண்டனை ஒரு காரணம், ரெண்டு தொகுதிக்கு மேல மனு போட்டது இன்னொரு காரணம். வேட்புமனு ஃபாரத்துலயே "ரெண்டு தொகுதிக்கு மேல நான் மனு போடல"ன்னு உறுதிமொழி இருக்கு, அதனால அந்த நாலு மனு விவகாரம் அப்புறம் கோர்ட்டுலயும் பல வருஷம் ஓடுச்சு.

எங்கயும் நிக்காமலே கட்சி ஜெயிச்சு, மே மாசம் முதலமைச்சர் ஆனாங்க. எம்.எல்.ஏ இல்லாதவங்க ஆறு மாசம் வரைக்கும் மந்திரியா இருக்கலாம்னு அரசியல் சாசனம் சொல்லுதே, அதை வெச்சு. செப்டம்பர் 21-ம் தேதி சுப்ரீம் கோர்ட், நிக்கவே தகுதி இல்லாதவங்களுக்கு அந்தச் சலுகை கிடையாதுன்னு சொல்லி நியமனத்தை ரத்து பண்ணுச்சு, ஓ.பி.எஸ் முதல் தடவை முதல்வர் ஆனது அப்பதான். டிசம்பர்ல ஹைகோர்ட் விடுதலை பண்ண, ஆண்டிப்பட்டியில ஜெயிச்சிருந்த தங்க தமிழ்ச்செல்வன் ராஜினாமா பண்ண, 2002 பிப்ரவரியில அங்க இடைத்தேர்தல், அதுல ஜெயிச்சு மார்ச்ல மறுபடி முதல்வர்.

அதாவது ஆண்டிப்பட்டிக்காரங்க ஒரு வருஷத்துக்குள்ள ரெண்டு தடவை எம்.எல்.ஏ தேர்தலுக்கு ஓட்டு போட்டாங்க. எந்தக் கட்சியா இருந்தாலும் எனக்கு இதுதான் முதல்ல கண்ணுல படும், தலைவருக்கு ஒரு வழி பிறக்கறதுக்காக ஒரு தொகுதி மொத்தமும் மறுபடி பூத்துக்குப் போகணும்.

ரெண்டுலயும் ஜெயிச்சா ரெண்டு எம்.எல்.ஏ சம்பளம் வருமா? ரெண்டு ஓட்டு போடலாமா சபையில?

ரெண்டும் கிடையாது. ஜெயிச்ச 14 நாளுக்குள்ள ஒண்ணை வெச்சுக்கிட்டு மத்ததை ராஜினாமா பண்ணணும், பண்ணலன்னா ரெண்டுமே காலியாயிடும். அதே சட்டத்தோட பிரிவு 70. எதை விடணும்ங்கறது முழுக்க அவங்க இஷ்டம், காரணம் சொல்லணும்னு கூட கட்டாயம் இல்ல.

விட்ட தொகுதியில ரெண்டாவது வந்தவரு எம்.எல்.ஏ ஆயிடுவாரா?

இல்ல. நிறைய பேரு இப்படித்தான் நெனைக்கறாங்க. ரெண்டாவது வந்தவரு ஜனங்க வேணாம்னு சொன்ன ஆளுதானே, அவரை எப்படி உக்கார வைக்க முடியும். புதுசா இடைத்தேர்தல்தான். ஆறு மாசத்துக்குள்ள நடத்தணும், பாக்கி பதவிக்காலம் ஒரு வருஷத்துக்கும் கம்மியா இருந்தாலோ, மத்திய அரசோட பேசிட்டு இப்ப நடத்தறது கஷ்டம்னு தேர்தல் கமிஷன் சொன்னாலோ மட்டும் விலக்கு.

ஆறு மாசம்தானே, அதுல என்ன பெருசா கெட்டுப் போயிடப் போகுது?

வயநாட்டைப் பாருங்க.

2024 லோக்சபா தேர்தல்ல வயநாடு ஓட்டு போட்டது ஏப்ரல் 26-ம் தேதி. ராகுல் காந்தி ரேபரேலியில மனு போட்டது மே 3-ம் தேதி. அதாவது வயநாட்டு ஜனங்க பட்டனை அழுத்தி ஒரு வாரம் கழிச்சுத்தான் அவங்க வேட்பாளர் இன்னொரு தொகுதியிலயும் நிக்கறார்னு அதிகாரபூர்வமா தெரியுது. ரெண்டுலயும் பெரிய மார்ஜின்ல ஜெயிச்சார், ஜூன் மாசம் ரேபரேலியை வெச்சுக்கிட்டு வயநாட்டை விட்டார். சட்டப்படி எல்லாமே சரி, ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஜூலை 30 விடியக்காலை முண்டக்கை, சூரல்மலையில நிலச்சரிவு. இருநூறு பேருக்கு மேல உயிர் போச்சு, ஊரே காணாமப் போச்சு. அன்னைக்கு வயநாட்டுக்கு எம்.பி இல்ல. ராகுலும் பிரியங்காவும் ரெண்டு நாள்ல நேர்ல வந்தாங்க, கேரள அரசு, ராணுவம், தன்னார்வலர்கள்னு எல்லாரும் வேலை செஞ்சாங்க, நான் அதையெல்லாம் இல்லன்னு சொல்லல. ஆனா அந்தத் தொகுதியோட ஆளுன்னு சபையில எழுந்து கேக்கறதுக்கும், தொகுதி நிதியில இருந்து இந்த வேலைக்குக் குடுங்கன்னு எழுதிக் குடுக்கறதுக்கும் ஒருத்தர் வேணும்ல, அந்த நாற்காலி காலியா இருந்துச்சு. நவம்பர் 13-ம் தேதிதான் இடைத்தேர்தல் நடந்துச்சு, பிரியங்கா நாலு லட்சத்துக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சாங்க. ஏப்ரல்ல 73 சதவீதத்துக்கு மேல இருந்த ஓட்டுப்பதிவு நவம்பர்ல கிட்டத்தட்ட 65-க்கு எறங்கிடுச்சு, எனக்கு அது ஆச்சரியமா இல்ல.

சென்னைக்காரங்களுக்கு இது புரியும். ஆர்.கே.நகர்ல காரணம் வேற, ஜெயலலிதா 2016 டிசம்பர்ல இறந்துட்டாங்க, 2017 ஏப்ரல்ல வெச்ச இடைத்தேர்தலை பணப்பட்டுவாடான்னு சொல்லி கமிஷன் ரத்து பண்ணுச்சு, கடைசியில டிசம்பர்லதான் நடந்துச்சு. ஒரு வருஷம் எம்.எல்.ஏ இல்ல. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடுன்னு அத்தனை ஜனங்க இருக்கற எடம், பட்டா பிரச்சனை, மழைநீர் கால்வாய், எம்.எல்.ஏ லெட்டர் வேணும்னு யாரைப் போய் கேப்பாங்க? அதுக்கும் முன்னாடி 2015-ல அவங்க நிக்கறதுக்காக வெற்றிவேல் அதே தொகுதியை ராஜினாமா பண்ணி ஒரு இடைத்தேர்தல் நடந்துச்சு. சாவு வந்தா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது, அது விதி. ரெண்டு தொகுதியில நின்னு ஒண்ணை விடறது அப்படி இல்ல, முன்னாடியே தெரிஞ்சு பண்ற விஷயம், அதான் எனக்கு ஏத்துக்க முடியல.

அப்போ ஏன்தான் ரெண்டு எடத்துல நிக்கறாங்க?

முதல் காரணம் தோல்வி பயம். எழும்பூர்ல ரெண்டு ட்ரெயின்ல டிக்கெட் போட்டு வெச்சு ஒண்ணுல ஏறிட்டு இன்னொண்ணைக் கடைசி நிமிஷத்துல விடற மாதிரி, வெய்ட்டிங் லிஸ்ட்ல நிக்கறவங்க பாடு அவங்களுக்குத் தெரியாது. சித்தராமையா 2018-ல சாமுண்டேஸ்வரியில தோத்தார், பாதாமியில ஜெயிச்சதால சபைக்குள்ள வந்தார். ராகுல் காந்திக்கே 2019-ல அமேதி கைவிட்டப்போ வயநாடுதான் கைகொடுத்துச்சு.

ரெண்டாவது, புது ஏரியாவுல கட்சியைத் தூக்கி விடறது. தலைவர் நின்னா சுத்தி இருக்கற தொகுதியிலயும் அலை வரும்னு ஒரு கணக்கு. மோடி 2014-ல வடோதராவோட வாரணாசியிலயும் நின்னதுல இந்தக் கணக்கும் உண்டுன்னு அப்பவே எல்லாரும் எழுதுனாங்க. வடோதராவுல அஞ்சே முக்கால் லட்சத்துக்கு நெருக்கமான வித்தியாசத்துல ஜெயிச்சும் அதை விட்டுட்டு வாரணாசியை வெச்சுக்கிட்டார்.

மூணாவது, வீட்டுக்குள்ள ஒரு சீட்டு. இது நேரடியா யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா நடந்ததைப் பாருங்க. குமாரசாமி 2018-ல ராமநகரம், சென்னபட்டணா ரெண்டுலயும் ஜெயிச்சார், விட்ட ராமநகரத்துல அவர் மனைவி அனிதா இடைத்தேர்தல்ல வந்தாங்க. ஜார்க்கண்ட்ல ஹேமந்த் சோரன் 2019-ல ரெண்டுல ஜெயிச்சு தும்காவை விட்டார், அங்க அவர் தம்பி வந்தார். வயநாட்டுல தங்கச்சி. கட்சி வேற, ஸ்டேட் வேற, நடக்கறது ஒண்ணுதான்.

ரெண்டுலயும் நின்னா ஒண்ணாவது நிச்சயம், அப்படித்தானே?

அப்படியும் இல்லீங்க. பவன் கல்யாண் 2019-ல பீமவரம், காஜுவாகா ரெண்டுலயும் தோத்தார். பஞ்சாப்ல முதல்வரா இருந்த சரண்ஜித் சிங் சன்னி 2022-ல ரெண்டுலயும் தோத்தார். இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது காமாரெட்டி. 2023 தெலங்கானா தேர்தல்ல அப்போ முதல்வரா இருந்த கே.சி.ஆர் கஜ்வேல் ப்ளஸ் காமாரெட்டி, அடுத்து முதல்வர் ஆகப் போற ரேவந்த் ரெட்டி கொடங்கல் ப்ளஸ் காமாரெட்டி. ரெண்டு பெரிய தலையும் ஒரே தொகுதியில மோதுனா மூணாவது ஆளுக்கு அங்க என்ன வேலைன்னுதான் எல்லாரும் நெனைச்சாங்க. காமாரெட்டி ஜனங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு உள்ளூர்க்காரர் வெங்கடரமண ரெட்டியை ஜெயிக்க வெச்சாங்க. அவர் பா.ஜ.க, எனக்குக் கட்சி முக்கியம் இல்ல, தங்கப் போற ஆளு யாருன்னு அந்த ஊரு யோசிச்சு ஓட்டு போட்டுச்சுன்னுதான் நான் பாக்கறேன்.

இடைத்தேர்தல் செலவை அந்தத் தலைவர் கட்டுவாரா?

ஒரு பைசா கட்ட வேண்டாம். சட்டமன்றத் தேர்தல்னா மாநில அரசு, லோக்சபான்னா மத்திய அரசு, அதாவது நம்ம வரிப்பணம். பூத் பூத்தா டீச்சருங்க, போலீஸ், மெஷின், வண்டி, கவுன்ட்டிங்னு எல்லாம் மறுபடி. நன்னடத்தை விதி வந்தா அந்த ஏரியாவுல புது அறிவிப்பு, புது டெண்டர் எல்லாம் நின்னு போகும், அது கணக்குலயே வராத செலவு.

2004-ல தேர்தல் கமிஷன் மத்திய அரசுக்கு எழுதுன சீர்திருத்தப் பட்டியல்ல, ஒருத்தருக்கு ஒரு தொகுதின்னு மாத்துங்க, அது முடியலன்னா சீட்டை விடறவங்ககிட்ட சட்டமன்றத்துக்கு 5 லட்சம், லோக்சபாவுக்கு 10 லட்சம் வசூல் பண்ணுங்கன்னு கேட்டுச்சு. இன்னைக்கு வரைக்கும் சட்டம் ஆகல.

டெபாசிட் ரெண்டு எடத்துலயும் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது, இது பல வக்கீலுங்களுக்கே தெரியாத விஷயம். சட்டமன்றத்துக்கு டெபாசிட் 10,000, லோக்சபாவுக்கு 25,000, எஸ்.சி. எஸ்.டி வேட்பாளர்னா பாதி. பொதுத்தேர்தல்ல ரெண்டு தொகுதியில நின்னா ரெண்டுலயும் அமோகமா ஜெயிச்சாலும் ஒரு டெபாசிட்தான் திரும்ப வரும், இன்னொண்ணு அரசாங்கத்துக்குப் போயிடும். சட்டம் குடுக்கற ஒரே தண்டனை இதுதான், பத்தாயிரம் ரூபா.

பிரச்சாரச் செலவு உச்சவரம்பு மட்டும் தொகுதிக்குத் தொகுதி தனி, 2022-ல நிர்ணயிச்சபடி தமிழ்நாட்டுல சட்டமன்றத்துக்கு 40 லட்சம், லோக்சபாவுக்கு 95 லட்சம்.

எம்.எல்.ஏவா இருக்கறவர் எம்.பிக்கு நிக்கறதும் இதுல சேருமா?

அது வேற விதி, ஆனா விளைவு அதேதான். நிக்கலாம், ஜெயிச்சா ரெண்டுல ஒண்ணுதான் வெச்சுக்க முடியும், 14 நாள் கெடு, எம்.எல்.ஏ பதவியை விடலன்னா எம்.பி சீட்டு போயிடும். 2019-ல நாங்குநேரி எம்.எல்.ஏ வசந்தகுமார் கன்னியாகுமரி எம்.பி ஆனார், நாங்குநேரியில அக்டோபர்ல இடைத்தேர்தல், காங்கிரஸ் சீட்டு அ.தி.மு.க-வுக்குப் போச்சு.

2021-ல இன்னும் சுவாரசியமான ஒண்ணு. அ.தி.மு.க ராஜ்யசபா எம்.பிங்க கே.பி.முனுசாமியும் வைத்திலிங்கமும் சட்டமன்றத் தேர்தல்ல ஜெயிச்சு ராஜ்யசபாவை ராஜினாமா பண்ணாங்க. அதுக்குள்ள ராஜ்யசபா எம்.பியைத் தேர்ந்தெடுக்கற சட்டசபையில மெஜாரிட்டி தி.மு.க கைக்கு வந்துடுச்சு, காலியான ரெண்டு ராஜ்யசபா சீட்டும் தி.மு.க-வுக்குப் போட்டியே இல்லாம போச்சு.

எம்.எல்.ஏவும் மேயரும் ஒரே ஆளா இருந்தாரே சென்னையில?

ஸ்டாலின். ஆயிரம் விளக்கு எம்.எல்.ஏ, கூடவே ஜனங்க நேரடியா தேர்ந்தெடுத்த மேயர். 2002-ல அ.தி.மு.க அரசு ரெண்டு பதவியும் ஒருத்தர் வெச்சுக்கக் கூடாதுன்னு சட்டம் கொண்டு வந்துச்சு, விஷயம் கோர்ட்டுக்குப் போச்சு, கடைசியில மேயர் பதவி கையை விட்டுப் போச்சு. அது ரெண்டு பதவி விவகாரம், இங்க பேசற ரெண்டு தொகுதி விவகாரத்தோட கலக்க வேண்டாம்.

எனக்கு திருநெல்வேலியிலயும் ஓட்டு இருக்கு, பெரம்பூர்லயும் இருக்கு. நானும் ரெண்டு எடத்துல போடலாமா?

கூடவே கூடாது. ஒருத்தர் பேரு ஒரு தொகுதி லிஸ்ட்லதான் இருக்கணும், தெரிஞ்சே பொய் டிக்ளரேஷன் குடுத்து ரெண்டு எடத்துல பதிஞ்சா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் வரலாம். ஊர்ப் பேரை எடுத்துட்டு இங்க மாத்திக்கோங்க. சென்னைக்கு வேலைக்கு வந்த லட்சக்கணக்கான பேருக்கு இந்தக் கண்டிஷன் இருக்கு, அவங்க ஓட்டு கேட்டு வர்ற ஆளுக்கு மட்டும் ரெண்டு தொகுதி. என் கோபமே இங்கதான் ஆரம்பிக்குது.

கோர்ட்டுல யாரும் கேஸ் போடலையா?

போட்டாங்க. அஸ்வினி குமார் உபாத்யாய்ங்கற வக்கீல் 2017-ல போட்ட மனுவை 2023 பிப்ரவரி 2-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி பண்ணுச்சு. தலைமை நீதிபதி சந்திரசூட் பெஞ்ச், இது கொள்கை விஷயம், மாத்தணும்னா பார்லிமென்ட்தான் மாத்தணும்னு சொல்லிடுச்சு. அது நியாயமான பதில்தான். 2015-ல சட்டக் கமிஷனோட 255-வது ரிப்போர்ட்டும் ஒருத்தருக்கு ஒரு தொகுதின்னுதான் சொல்லுச்சு. ஆக தேர்தல் கமிஷன் கேட்டாச்சு, சட்டக் கமிஷன் கேட்டாச்சு, மாத்த வேண்டியவங்க யாருன்னா ரெண்டு தொகுதியில நிக்கறவங்களும் அவங்க கட்சிக்காரங்களும்தான்.

மத்த நாட்டுல எப்படி?

பாகிஸ்தான்ல இம்ரான் கான் 2018-ல அஞ்சு சீட்டுல நின்னு அஞ்சுலயும் ஜெயிச்சார், 2022 இடைத்தேர்தல்ல ஏழுல நின்னு ஆறுல ஜெயிச்சார். வங்கதேசத்துல முன்னாடி அஞ்சு, அப்புறம் மூணுன்னு குறைச்சாங்க. பிரிட்டன்ல ஒரே தேர்தல்ல ரெண்டு தொகுதி கிடையாது, நாம அங்க இருந்துதான் நிறைய எடுத்துக்கிட்டோம், இதையும் எடுத்துக்கலாம்.

உங்க கருத்துல என்ன பண்ணணும்?

ஒருத்தருக்கு ஒரு தொகுதி. அதுக்கு எதிரா சொல்றவங்க பேச்சுலயும் ஒரு நியாயம் இருக்கு, ஒரு தொகுதியில மட்டும் எல்லா பலத்தையும் எறக்கி ஒரு கட்சித் தலைவரை சபைக்கே வர விடாம பண்ணிடலாம், அதுக்கு ரெண்டாவது சீட்டு ஒரு பாதுகாப்புன்னு. சரி. அதுக்கு மாசக்கணக்குல ஆளில்லாம கிடக்கற தொகுதி ஏன் விலை குடுக்கணும்? தோத்த தலைவர் அடுத்த இடைத்தேர்தல்ல வரட்டும், ராஜ்யசபா போகட்டும், வழி ஆயிரம் இருக்கு.

உடனே அது நடக்காதுன்னா ரெண்டு விஷயமாவது வேணும். ரெண்டுலயும் ஜெயிச்சா எதை வெச்சுக்குவேன்னு மனுவோடவே எழுதிக் குடுக்கணும், பல கட்டமா நடக்கற லோக்சபா தேர்தல்ல முதல் தொகுதி ஓட்டு போடறதுக்கு முன்னாடியே ரெண்டாவது தொகுதியைச் சொல்லியாகணும். இடைத்தேர்தல் செலவை அவரோ அவர் கட்சியோ கட்டணும், 2004 ரேட்டுல இல்ல, இன்னைய உண்மையான செலவுல. தேர்தல் செலவைக் குறைக்கணும்னு ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவை 2024 டிசம்பர்ல பார்லிமென்ட்ல வெச்சாங்களே, அந்த அக்கறை இதுலயும் இருந்தா நாளைக்கே பண்ணலாம்.

என் தொகுதியில நிக்கறவர் வேற எங்கயாவது நிக்கறாரான்னு எப்படிப் பாக்கறது?

மனு வாபஸ் வாங்கற கடைசி நாள் மத்தியானம் மூணு மணிக்கு அப்புறம் இறுதி வேட்பாளர் பட்டியல் வரும், அதுக்கு முன்னாடி வர்ற எதையும் நம்பாதீங்க, ஏன்னா மூணு மணி வரைக்கும் ஒரு தொகுதியில வாபஸ் வாங்கலாம். தேர்தல் கமிஷன் சைட்டுலயும் வேட்பாளரைப் பத்தின ஆப்லயும் பேரைப் போட்டுத் தேடுனா மனுவும் பிரமாணப் பத்திரமும் வரும், அதே பேருல வேற ஆளுங்க நிறைய இருப்பாங்க, ஃபோட்டோவையும் அப்பா பேரையும் சேர்த்துப் பாருங்க. ரெண்டு தொகுதியில இருந்தா, தெருவுக்கு ஓட்டு கேட்டு வரும்போது நேரா கேளுங்க, "ரெண்டுலயும் ஜெயிச்சா எங்களை வெச்சுக்குவீங்களா"ன்னு. கூட வர்ற வட்டச் செயலாளர்கிட்ட கேக்காதீங்க, அவருக்கும் தெரியாது.